பூசை மணியும் விசில் சத்தமும்

பெங்களூரு அல்சூரை ஒட்டிய கௌதமபுரத்தில் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேவுக்கும் ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். உலகக் கோப்பை வந்துவிட்டால் தெருவே பிரேசிலின் மஞ்சளும் பச்சையுமாகிவிடும். தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த பகுதி. கும்பிடுகிறவர்களோடு பந்தாடுகிறவரையும் சேர்த்து நிறுத்தியதில் அங்கே யாருக்கும் சங்கடம் இல்லை. சங்கடம் வருவது ஞாயிற்றுக்கிழமை காலையில்தான். பூசைக்கா, மேட்சுக்கா?

அமெரிக்காவில் இது பேஸ்பால் அப்பாக்களின் தலைவலி. 1939இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட் ஊரில் தொடங்கிய லிட்டில் லீக்கின் உறுதிமொழியே கடவுள் நம்பிக்கையில்தான் ஆரம்பிக்கும். நம்மூரில் பேஸ்பால் சில பள்ளிக்கூடங்களோடு சரி. ஆஸ்டின் டவுன், விவேக் நகர், அல்சூர் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஆட்டம் என்றால் கால்பந்து. ஆறு வயதிலிருந்து பதினாறு வயது வரை பிள்ளையைக் கிரவுண்டுக்கும் கோயிலுக்கும் மாறி மாறிக் கூட்டிப்போகிற அப்பாக்களுக்காக இந்த அத்தியாயம்.

சொல்ல வருவது ஒன்றுதான். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது என்பதை சீசன் தொடங்கும் முன்பே முடிவு செய்து, கோச்சிடமும் பிள்ளையிடமும் சொல்லிவிடுங்கள். மேட்ச் அன்று காலையில் எடுக்கிற முடிவு பக்தியிலும் சேராது, விளையாட்டிலும் சேராது. வீட்டுச் சண்டையில்தான் போய் முடியும்.

முதலில் தெருவின் கதையைச் சொல்லுங்கள்

பிள்ளைக்கு மெஸ்ஸி, ரொனால்டோ பெயர்கள் தானாகத் தெரியும். தன் ஊர்க்காரர்களின் பெயரை அப்பாதான் சொல்ல வேண்டும். கன்டோன்மென்ட்டில் பட்டாளத்துக்காரர்கள் ஆடிய ஆட்டத்தை நம்மவர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1937இல் பம்பாய் ரோவர்ஸ் கோப்பையை வென்ற பெங்களூர் முஸ்லிம்ஸ் அணிதான் அந்தக் கோப்பையைத் தூக்கிய முதல் இந்திய அணி. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்த சாரங்கபாணி ராமன் மைசூர் அணிக்காரர். அதே ஒலிம்பிக் அணியில் பெங்களூருக்காரரான அகமது கானும் இருந்தார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் அருமைநாயகம். ஆஸ்டின் டவுனில் வளர்ந்து, 1990இல் ஜாம்ஷெட்பூர் டாடா அகாடமிக்குப் போய், பிறகு இந்திய அணிக்கே கேப்டனானவர் கார்ல்டன் சாப்மன். இந்திய அணிக்கு ஆடி, பின்னால் அதன் உதவிப் பயிற்சியாளராகவும் இருந்தவர் சண்முகம் வெங்கடேஷ்.

கதை சொல்லும்போது தோல்வியை விட்டுவிடாதீர்கள். ராமன் கோல் அடித்த அந்த மேட்சில் நம்மவர்கள் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். இரண்டு பெனால்டிகளைக் கோட்டைவிட்டு 2–1 என்று தோற்றார்கள். கர்நாடகம் சந்தோஷ் டிராபியை 1969க்குப் பிறகு மறுபடி வென்றது 2023 மார்ச்சில், ரியாத்தில். நடுவே 54 வருடங்கள். பேப்பரில் பெயர் வராத ஆட்டக்காரர்கள் அத்தனை வருடமும் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். பிள்ளை இதைத் தெரிந்துகொண்டால், அண்டர்-10 தோல்விக்கு மூன்று நாள் சாப்பிடாமல் இருக்காது.

அப்பாவுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் அணி வைத்து, ஆட்டக்காரனுக்கு வேலையும் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் கணக்கை மனதில் வைத்து இன்று பிள்ளையைக் கிரவுண்டுக்கு அனுப்பாதீர்கள். பிள்ளை ஓடி ஆட வேண்டும், நாலு பேரோடு சேர்ந்து ஜெயிக்கவும் தோற்கவும் பழக வேண்டும். மேலே போகிற திறமை இருந்தால் அது தெரியவரும்.

சேர்க்கும் முன் பார்க்க வேண்டியவை

விளம்பரப் பலகையில் எந்த வெளிநாட்டு கிளப்பின் படம் இருக்கிறது என்று பார்க்காதீர்கள். ஒரு சாயங்காலம் பேசாமல் போய் ஓரமாக நில்லுங்கள். ஒரு பந்துக்கு எத்தனை பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள்? பத்துப் பேர் வரிசை என்றால் பிள்ளை கற்றுக்கொள்வது நிற்பதைத்தான். எட்டு வயதுக்குக் கீழே 3ஆம் நம்பர் பந்து, எட்டிலிருந்து பன்னிரண்டு வரை 4ஆம் நம்பர், அதற்கு மேல் 5ஆம் நம்பர். ஆறு வயதுப் பிள்ளை 5ஆம் நம்பர் பந்தோடு மல்லுக்கட்டுகிறது என்றால் அங்கே யாரும் யோசித்துச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று அர்த்தம். கோச்சுக்கு அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதற்குக் கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான்.

பாதுகாப்பு விஷயத்தில் கூச்சம் வேண்டாம். சங்கத்து அண்ணன், கோயில் யூத் குரூப் கோச், தெரிந்த குடும்பம் என்ற நம்பிக்கை மட்டும் போதாது. கோச்சும் பிள்ளையும் தனியாக ஓர் அறையில் இருக்கக் கூடாது, வெளியூர் டோர்னமென்டுக்கு இன்னொரு பெரியவர் கூடப் போக வேண்டும், பெண் பிள்ளைகள் போனால் ஒரு பெண்மணியும் போக வேண்டும், பிள்ளையோடு தனியாக வாட்ஸ்அப் கூடாது. இந்த நான்கும் எழுதப்பட்ட விதிகளாக இருக்கட்டும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பயிற்சியாளருக்கும் பொருந்தும், கோயில் ஊழியருக்கும் பொருந்தும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளையையே மனப்பாடம் செய்ய வையுங்கள்.

ஞாயிறு யாருக்கு?

சின்னப் பிள்ளைகள் லீக் என்றால் பெரும்பாலும் சனி, ஞாயிறு காலை. கத்தோலிக்க வீட்டில் அதே நேரம் பூசையும் மறைக்கல்வியும். சி.எஸ்.ஐ. வீட்டில் ஆராதனையும் ஓய்வுநாள் பள்ளியும். இந்த இடத்தில் உலகம் அறிந்த இரண்டு பேரை நினைத்துக்கொள்ளலாம்.

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஸ்காட்லாந்தின் எரிக் லிடெல் ஓட மறுத்தார். 400 மீட்டருக்கு மாறி, உலக சாதனையோடு தங்கம் வென்றார். 1965இல் பேஸ்பால் வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டம் யூதர்களின் யோம் கிப்பூர் நோன்பு நாளில் விழுந்தது. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் முதன்மைப் பந்துவீச்சாளர் சாண்டி கூஃபாக்ஸ் அன்று ஆடவில்லை. அணி அந்த ஆட்டத்தில் தோற்றது. பிறகு ஏழாவது ஆட்டத்தில் கூஃபாக்ஸ் எதிரணிக்கு ஒரு ரன்கூட விடாமல் வீசி, கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.

இவர்களைத் தியாகிகளாகச் சொல்லிப் பிள்ளையை மிரட்ட வேண்டாம். இருவரும் கடைசி நிமிடத்தில் காலை வாரவில்லை என்பதைக் கவனியுங்கள். லிடெலுக்கு அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே தெரியும். அப்போதே சொல்லிவிட்டு, வேறு தூரத்துக்குப் பயிற்சி எடுத்தார். கூஃபாக்ஸுக்குப் பதிலாக யார் வீசுவது என்று அணிக்கு முன்கூட்டியே தெரியும். நம் வீட்டுக்கும் அதே வழிதான்.

ஜூன் மாதம் ஒரு காலண்டரை எடுத்து உட்காருங்கள். கத்தோலிக்கர்களுக்கு ஒரு வசதி உண்டு: சனிக்கிழமை சாயங்காலப் பூசை ஞாயிறு கடமைக்குச் செல்லும். ஆகவே ஞாயிறு காலை மேட்ச் என்றால் சனி சாயங்காலம் கோயில். புது நன்மை, உறுதிபூசுதல் வகுப்பு நடக்கிற வருடத்தில் மறைக்கல்விக்கு முதலிடம் என்று கோச்சிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிவாஜிநகர் மரியன்னை பேராலயத் திருவிழா செப்டம்பர் 8, கொடியேற்றம் ஆகஸ்ட் 29. அந்த நாட்களில் குடும்பத்தோடு நடந்து போகிற பழக்கம் இருந்தால் அன்று பிராக்டிஸ் இல்லை. விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்துக்கு வியாழக்கிழமை நவநாளுக்குப் போகிறவர்கள், வியாழன் பிராக்டிஸ் இல்லாத குழுவில் சேர்த்தால் ஒரு தொல்லை குறையும்.

மற்ற வீடுகளுக்கும் இதே யோசனைதான். ரம்ஜான் மாதத்தில் நோன்பு வைக்கிற பையன் இருந்தால் கோச்சுக்குத் தெரிய வேண்டும். அவனைத் தண்ணீர் இல்லாமல் வெயிலில் ஓடவிட்டுச் சோதிக்கக் கூடாது. 2021 ஏப்ரலில் இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் லெஸ்டர், கிரிஸ்டல் பேலஸ் அணிகள் மோதிய ஆட்டத்தில், வெஸ்லி ஃபொஃபானா நோன்பு திறக்க வசதியாக ஆட்டத்தைச் சற்று நிறுத்தினார்கள். கோல் கிக்கைத் தாமதப்படுத்திக் கொடுத்தவர் எதிரணி கோல்கீப்பர். அங்கே முடிகிறதென்றால் நம் அண்டர்-13 லீக்கில் ஏன் முடியாது? கார்த்திகையில் மாலை போடுகிற பையன் செருப்பே போடக் கூடாது என்றால், அந்த ஒரு மண்டலம் அவன் மேட்ச் ஆட முடியாது. கால்கவசமும் ஷூவும் இல்லாமல் ரெஃப்ரி உள்ளே விட மாட்டார். அவன் ஸ்கோர் எழுதட்டும், தண்ணீர் கொண்டுவரட்டும், டீமோடு இருக்கட்டும்.

கழுத்துச் செயின், கைக்கயிறு

கால்பந்து விதிகளில் நான்காவது, ஆட்டக்காரரின் உடைமைகளைப் பற்றியது. செயின், மோதிரம், வளையல், கம்மல் எதுவும் கூடாது. மேலே டேப் ஒட்டி மறைப்பதும் செல்லாது. ஜெபமாலை, உத்தரீயம், ருத்ராட்சம், காசிக்கயிறு என்று எதைப் போட்டிருந்தாலும் கழற்றச் சொல்வார்கள். வீட்டில் பாட்டி இதைக் கேட்டால், "சாமிய கழட்டிட்டு ஆட வைக்கிறீங்களா?" என்று ஆரம்பிப்பார். மேட்ச் நாள் காலை கிரவுண்டு ஓரத்தில் கயிற்றைக் கத்திரிக்கோலால் வெட்டி, பிள்ளை அழுது, பாட்டிக்குப் போன் போகிற கூத்தைத் தவிர்க்க வேண்டுமானால், கழற்றி மாட்டுகிற மாதிரி முடிச்சுப் போடுங்கள். கழற்றியதை வைக்கப் பையில் ஒரு சின்ன டப்பா இருக்கட்டும்.

பெண் பிள்ளைகளுக்கு நல்ல செய்தி உண்டு. முக்காடும், சீக்கியப் பிள்ளைகளின் தலைக்கட்டும் 2014இலிருந்து விதியிலேயே அனுமதிக்கப்பட்டவை. ஷார்ட்ஸுக்குக் கீழே லெகிங்ஸ் போடலாம், ஷார்ட்ஸின் நிறமாக இருந்தால் போதும். "வயசுக்கு வந்த பொண்ணு ஷார்ட்ஸ் போட்டுக்கிட்டா?" என்று பெரியம்மா கேட்டால் இந்த விதியைச் சொல்லுங்கள். அதற்கு மேலும் பேசினால், மகள் முன்னால் அப்பா பதில் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் அப்பா மௌனமாக இருந்தால், மகள் அந்த வருடத்தோடு ஆட்டத்தை நிறுத்திவிடுவாள்.

பனியனில் சாமி வாசகம் எழுதிக் கோல் அடித்ததும் காட்டுவதற்கும் விதியில் இடமில்லை. 2007 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் பிரேசிலின் காக்கா இயேசுவின் பெயர் எழுதிய பனியனோடு மண்டியிட்ட படம் கௌதமபுரம் வீடுகளுக்கெல்லாம் தெரிந்ததுதான். இன்று நம் பையன் உள்பனியனில் அப்படி எழுதிக்கொண்டு வந்து காட்டினால் கண்டிக்கப்படுவான்.

எதற்காக வேண்டிக்கொள்வது?

மேட்சுக்கு முந்தின நாள் குழந்தை இயேசுவுக்கு மெழுகுவத்தி, முருகனுக்கு ஒரு நேர்த்தி. செய்யட்டும், தப்பில்லை. ஆனால் எதிரணி கோல்கீப்பரின் அம்மாவும் அதே ஆலயத்தில், அதே வரிசையில் மெழுகுவத்தி வாங்கியிருப்பார். இதைப் பிள்ளையிடம் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், புரிந்துகொள்ளும். யாருக்கும் அடிபடக் கூடாது, எதிரணிக்கும் சேர்த்து. பயத்தில் கால் கட்டிக்கொள்ளக் கூடாது. தப்பு செய்தால் மன்னிப்புக் கேட்கிற மனசு வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவு வேண்டுதல் போதும்.

தோற்ற வாரமும் கோயிலுக்குப் போங்கள். ஜெயித்தால் மட்டும் நன்றி சொல்லக் கூட்டிப்போனால், தோற்ற அன்று சாமி கைவிட்டுவிட்டார் என்றுதான் பிள்ளை கணக்குப் போடும். பதினைந்து வயதில் செலக்ஷனில் பெயர் வராதபோது அந்தக் கணக்கு ஆட்டத்தையும் சாமியையும் சேர்த்தே தூக்கிப் போட வைக்கும்.

டீமில் எல்லாச் சாமிப் பிள்ளைகளும் இருப்பார்கள். வட்டமாக நிற்க வைத்து ஒரே மதத்து ஜெபத்தை எல்லோரையும் சொல்ல வைக்கிற கோச்சிடம், அது உங்கள் மதத்து ஜெபமாகவே இருந்தாலும், தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். அரை நிமிட மௌனம் எல்லோருக்கும் பொருந்தும்.

பிறந்த தேதி

வீட்டில் கற்றுக்கொடுத்த நேர்மைக்கான பெரிய சோதனை அப்பாவுக்குத்தான் வரும், அதுவும் ஒரு ஃபாரம் வடிவத்தில். "ஒரு வருஷம் குறைச்சுப் போடுங்க சார், எல்லாரும் செய்றதுதான். பையன் அண்டர்-13ல நின்னு விளையாடுவான்" என்று யாராவது காதில் ஓதுவார்கள். இந்திய இளையோர் விளையாட்டின் தீராத வியாதி இது. பெங்களூருக்காரரான ராகுல் திராவிட் 2015இல் பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் இந்த வயது மோசடியைக் கடுமையாகச் சாடினார். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சியைக் கணக்கிடும் டி.டபிள்யூ.3 சோதனை கிரிக்கெட்டிலும் கால்பந்திலும் வந்துவிட்டது. 2020இல் கிரிக்கெட் வாரியம், தானாக முன்வந்து உண்மையைச் சொன்னால் தண்டனை இல்லை, மறைத்துப் பிடிபட்டால் இரண்டு வருடத் தடை என்று அறிவித்தது.

பிடிபடுவதைவிடப் பெரிய நஷ்டம் வீட்டுக்குள் நடக்கிறது. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு தேதி, அகாடமி ஃபாரத்தில் இன்னொரு தேதி. பிள்ளை தன் நிஜமான பிறந்தநாளுக்கு டீம் பையன்களைக் கூப்பிட முடியாது. கேக்கில் எத்தனை மெழுகுவத்தி என்று யாராவது எண்ணிவிடுவார்கள். அப்பா சொல்லிக்கொடுத்த பொய்யை ஒவ்வொரு டோர்னமென்டிலும் பிள்ளைதான் சொல்ல வேண்டியிருக்கும். மாநகராட்சிப் பிறப்புச் சான்றிதழ், பள்ளிப் பதிவேடு, ஆதார் மூன்றிலும் தேதியும் பெயரின் எழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தவறு இருந்தால் டோர்னமென்ட் வரும்வரை காத்திருக்காமல் திருத்துங்கள்.

கோட்டுக்கு வெளியே நிற்கும் அப்பா

எந்த அண்டர்-10 மேட்சிலும் பத்து நிமிடம் நின்று பாருங்கள். பந்தைத் தவறவிட்ட பிள்ளை, பந்து போன திசையைப் பார்க்காது. அப்பா நிற்கிற திசையைப் பார்க்கும். அதற்குள் எதிரணி கோல் போட்டிருக்கும். "மேல போடா" என்று அப்பா கத்த, "டவுன் வா" என்று கோச் கத்த, பிள்ளை நடுவில் நின்றுவிடும். கோட்டுக்கு வெளியே உங்களுக்கு உள்ள வேலை கை தட்டுவது மட்டும்தான், எதிரணியின் நல்ல ஆட்டத்துக்கும் சேர்த்து.

மழை விட்ட ஒரு செம்மண் கிரவுண்டில் பார்த்த மேட்ச் ஒன்று. சேற்றில் எகிறிய பந்து பெனால்டி ஏரியாவுக்குள் ஒரு டிஃபெண்டரின் கையில் பட்டது. நடுவில் ஆட்கள் மறைத்ததால் ரெஃப்ரி பார்க்கவில்லை. பையனே கையைத் தூக்கினான். "ஹேண்ட் சார், என் கைதான்." விசில். பெனால்டி, கோல், டீம் தோற்றது. என் பக்கத்தில் நின்றிருந்த அவன் அப்பா முதலில் தலையில் அடித்துக்கொண்டார். மகன் திரும்பிப் பார்ப்பது தெரிந்ததும் கையை இறக்கி, தட்ட ஆரம்பித்தார். கொஞ்சம் தாமதம்தான், ஆனாலும் தட்டினார். அந்தப் பையன் வருடக்கணக்காகக் கேட்ட பிரசங்கங்களுக்கெல்லாம் அன்றைக்குத்தான் மார்க் விழுந்தது. அதைப் போட வேண்டியவர் அப்பா.

திரும்பும் வழியில் வண்டியில் மேட்ச் பேச்சு வேண்டாம். பின்சீட்டில் இருக்கிற பிள்ளைக்கு எழுந்து போக இடமில்லை, டிரினிட்டி சிக்னலில் மாட்டினால் திட்டு இன்னும் நீளும். "பசிக்குதா?" என்று மட்டும் கேளுங்கள். பேச வேண்டும் என்று தோன்றினால் பிள்ளையே ஆரம்பிக்கும். பெரும்பாலும் இட்லி சாப்பிட்டு முடித்த பிறகு.

உடம்பும் ஓய்வுநாளும்

வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது மார்க்கம் மட்டும் சொல்வதல்ல. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2016 அறிக்கை வாரத்தில் ஒன்று அல்லது இரண்டு நாள் முழு ஓய்வும், வருடத்தில் மொத்தம் மூன்று மாத இடைவெளியும் சொல்கிறது. ஒரே விளையாட்டில் மட்டும் இறங்குவதைப் பதினைந்து, பதினாறு வயது வரை தள்ளிப்போடச் சொல்கிறது. லிட்டில் லீக்கில் 2007 முதல் வீசும் பந்துக்கே கணக்கு உண்டு: ஒன்பது, பத்து வயதுப் பிள்ளை ஒரு நாளில் 75 பந்துக்கு மேல் வீசக் கூடாது. நம் பிள்ளைகள் பள்ளி டீம், அகாடமி, கோயில் டோர்னமென்ட், டர்ஃப் மேட்ச் என்று நாலு பக்கமும் ஓடுகிறார்கள். நாலையும் சேர்த்து எண்ணுகிற ஆள் வீட்டில் இருக்கிற நீங்கள் ஒருவர்தான்.

தலையால் முட்டுவதற்கு அவசரம் வேண்டாம். அமெரிக்காவில் பத்து வயதுக்குட்பட்டோருக்கு ஹெட்டிங்கே கிடையாது. தலையில் அடிபட்டு, பிள்ளை குழம்பினாலோ வாந்தி எடுத்தாலோ அன்றைய ஆட்டம் முடிந்தது. டாக்டர் சொல்லும்வரை திரும்பக் கூடாது. "ஒண்ணுமில்ல சார், ஆடுவான்" என்று சொல்கிற உரிமை அப்பாவுக்கும் இல்லை, கோச்சுக்கும் இல்லை.

சீசன் தொடங்கும் முன் ஒரு தாளில்

இதை அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். ஒரு நகல் கோச்சுக்கு.

1. இந்த வருடம் ஆடாத நாட்கள்: திருவிழா, நோன்பு, தேர்வு. தேதியோடு.
2. ஞாயிறு மேட்ச் என்றால் எந்த நேரப் பூசை, யார் கூட்டிப்போவது.
3. ஃபாரத்தில் எழுதும் பிறந்த தேதி. பிள்ளை தன் கையால் எழுதட்டும்.
4. வாரத்தில் முழு ஓய்வு எந்த நாள்.
5. அடிபட்டால், யாராவது தொந்தரவு செய்தால், யாரிடம் முதலில் சொல்வது. இரண்டு பெயர்கள், 1098.
6. அப்பா கிரவுண்டில் செய்யக் கூடாதவை. இந்த வரியை முழுக்கப் பிள்ளைதான் எழுத வேண்டும். எவ்வளவு நீளமாக எழுதினாலும் குறுக்கே பேசாதீர்கள். எழுதி முடித்ததும் கீழே கையெழுத்துப் போடுங்கள்.